திறப்பு அண்ணையும் ஒரு லீற்றர் பாலும்

கொலோன் நகரத்தில் அந்தப் பெரிய இரட்டைக் கோபுரக் கிறிஸ்தவக் கோயிலின் மணிக்கு அடுத்தபடியாக ஆகக் கூடின சத்தம் போட்ட இரும்பு எது என்று கேட்டால், திறப்பு அண்ணையின் இடுப்பு என்றுதான் நான் சொல்லுவேன். கோயில் மணியாவது நேரம் பார்த்துத்தான் அடிக்கும். திறப்பு அண்ணை நடந்தால் அடிக்கும், குனிந்தால் அடிக்கும், தும்மினால் இரண்டு நிமிடத்துக்கு நிற்காமல் அடிக்கும்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இடுப்புப் பட்டியில் ஒரு வளையம், வளையத்தில் பதினொரு திறப்பு, சிலர் சாவி என்பார்கள். பதினொன்றும் ஜெர்மன்காரரின் வீட்டுத் திறப்பு. அவர் படுத்து எழும்பியதோ அகதிகளை வைத்திருக்கும் ஹைமில், ஆறு கட்டில் போட்ட ஒரு அறையில். அந்த அறைக்குப் பூட்டே கிடையாது.

நானும் பெரிய ஆள் இல்லை. என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதை இரண்டு தரம் படித்ததால் ஆறு என்று சொல்லிக்கொள்ளுவேன். ஜெர்மனிக்கு வந்து இறங்கும்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொல் ஒன்றே ஒன்று, 'அசூல்', அடைக்கலம். அதைச் சொன்னால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பினான். பார்த்துக்கொண்டார்கள். வுப்பர்டாலில் ஒரு ஹைமில் கொண்டுபோய்ப் போட்டார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் பளபளவென்று ஒரு மொட்டைத் தலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். மனுசியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். அப்போது அவர் வெறும் அண்ணைதான். திறப்பு இன்னும் ஏறவில்லை.

முதலாவது திறப்பு ஏறியது ஒரு கிழவியால். ஹைமுக்கு எதிர்ப்பக்க வீட்டில் மூன்றாம் மாடியில் இருந்தவ. ஒருநாள் பனியில் சறுக்கிய கிழவியை அண்ணை எட்டிப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. பையும் கிழவியுமாக மூன்றாம் மாடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அடுத்த கிழமை கிழவி மகள் வீட்டுக்குப் போகும்போது, பூச்செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லித் திறப்பை அவர் கையில் கொடுத்தா. எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத காலம் அது. சம்பளம் வாங்கினால் சட்டம் பிடிக்கும். செடிக்குத் தண்ணீர் விடுகிறவனை எந்தச் சட்டம் பிடிக்கும்?

கிழவி தன் சிநேகிதிக்குச் சொல்ல, அவ தன் தம்பிக்குச் சொல்ல, அண்ணையின் இடுப்பு பாரமாகத் தொடங்கியது.

அவர் வீடு பார்க்கும் முறையே தனி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பி. போன உடனே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடு அறையில் நின்று, கண்ணில் பட்டது முழுவதையும் பென்சிலால் கீறுவார். குஷன் எந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது, மேசையில் இருக்கிற மூக்குக்கண்ணாடி எந்தச் சுவரைப் பார்க்கிறது, எல்லாம் கீறி முடித்த பிறகுதான் தூசு தட்டக் கை வைப்பார். ஒரு வீட்டுக்காரர் பாதி கடித்த பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று கிழமை கழித்து அவர் திரும்பி வந்தபோது மேசை கண்ணாடி மாதிரி மினுங்கியது. பிஸ்கட் அதே இடத்தில், கடித்த பக்கம் யன்னலைப் பார்த்தபடி இருந்தது.

“அண்ணை, அதை எறிஞ்சிருக்கலாமே” என்று கேட்டேன்.

“எறியிறதெண்டா அவரே எறிஞ்சிட்டுப் போயிருப்பார். வைச்சிட்டெல்லே போயிருக்கிறார்.”

“மறந்துபோய் வைச்சிருப்பார்.”

“அது அவற்ற பிரச்சினை. என்ர வேலை, இருந்தபடி இருக்கிறது.”

அந்த வீடுகளில் அவர் ஒரு கதிரையிலும் இருக்கமாட்டார். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார். குசினிக்குள் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவார். அவசரத்துக்குக் கூட அவர்களின் கக்கூசைப் பாவிக்கமாட்டார். இருபத்தைந்து நிமிடம் நடந்து ஹைமுக்கு வந்து போய்விட்டு, திரும்ப இருபத்தைந்து நிமிடம் நடந்துபோய் மிச்சச் செடிக்குத் தண்ணீர் விடுவார். செடிகளோடு மட்டும் தாராளமாகக் கதைப்பார், அதுவும் தமிழில்.

“அண்ணை, அது ஜெர்மன் செடி. உங்கட பாசை விளங்குமோ?”

“உமக்கு ஜெர்மன் விளங்குதோ? இஞ்ச இருந்து சோறு தின்னுறீர்தானே. அது மாதிரித்தான்.”

பிறகு அவரைக் கொலோனுக்கு மாற்றினார்கள். பழைய திறப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அங்கேயும் வளையம் நிறைந்துவிட்டது. என் மனுசி பவானி கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தாள். எங்கள் இருவரையும் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஹைம் ஒரு பழைய பள்ளிக்கூடம். எங்களுக்குக் கிடைத்த அறையில் கரும்பலகை கூட அப்படியே இருந்தது. இத்தனை நாடு கடந்து நான் மறுபடியும் வகுப்பறைக்குள்ளேயே வந்து சேர்ந்தேன். இந்த முறை பெயில் விட ஆள் இல்லை என்பதுதான் ஆறுதல்.

அந்த வகுப்பறையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. நடுவில் ஒரு கட்டில் விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். விரிப்பு முழுக்க வாத்துப் படம். அந்தப் பக்கத்து மனிதர் இருமினால் இந்தப் பக்கம் வாத்துகள் ஆடும். கலியாணம் முடித்தவர்கள் ஒன்றாக இருக்கத் தொடங்கி எட்டு மாதம். நானும் பவானியும் கதைத்த அந்தரங்கமெல்லாம் வாத்துகளுக்கும் தெரியும், அடுத்த பக்கத்தாருக்கும் தெரியும்.

“எனக்கு நகையும் வேண்டாம், சீலையும் வேண்டாம்” என்று பவானி ஒருநாள் சொன்னாள். “உள்ளுக்கு இருந்து பூட்டக்கூடிய ஒரு கதவு. ஒரு கிழமைக்கெண்டாலும் போதும்.”

வாத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “எங்களுக்கும் அதுதான் தங்கச்சி” என்று குரல் வந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் கிட்டும்போது, ஹைம் நடையில் இருந்த தொலைபேசிக்குத் திறப்பு அண்ணை எடுத்தார்.

“தம்பி, நத்தாருக்கு இந்தச் சனம் எல்லாம் ஒரே நாளில வெளிக்கிட்டிட்டுது. பதினொரு வீடு, நான் ஒரு ஆள். ரீச்சர் அம்மான்ர வீட்டில நீரும் தங்கச்சியும் வந்து இரும். அவவிட்டக் கேட்டிட்டன். குளிருக்கை ஆள் இருந்தா வீட்டுக்கு நல்லதெண்டு சொன்னவ. பன்ரண்டு நாள்.”

ரீச்சர் அம்மா என்பது ஓய்வு பெற்ற ஒரு ஜெர்மன் ஆசிரியை. புதன்கிழமைகளில் அண்ணைக்குச் சும்மா ஜெர்மன் படிப்பித்தவ. நத்தாருக்குத் தெற்கே மகன் வீட்டுக்குப் போகிறா.

எங்கள் வட்டாரத்தை விட்டு வெளியே போக அகதிகளுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். அகதி அலுவல் பார்க்கிற கந்தோரில் போய்க் கேட்டேன். அதற்கு ஒரு டெர்மின், அதாவது வந்து சந்திக்கிற நாள், தந்தார்கள். ஜனவரி மூன்றாம் திகதி. நத்தாருக்குப் போக ஜனவரியில் கேட்கலாம். அனுமதி இல்லாமல் பிடிபட்டால் பைலில் சிவப்பு மையில் எழுதுவார்கள், கேஸ் அதோடு சரி என்று ஹைமில் எல்லோரும் பயப்படுத்தினார்கள். பவானி என்னைப் பார்த்தாள். நான் வாத்துகளைப் பார்த்தேன். போவோம் என்றேன்.

தானமாக வந்த உடுப்புக் குவியலில் எனக்குக் கிடைத்த கோட் ஒரு பொம்பிளைக் கோட். பொத்தான் மறுபக்கம். அதைப் போட்டுக்கொண்டு, படித்த மனிதன் மாதிரித் தெரியவேண்டும் என்று அதே குவியலில் எடுத்த ஒரு தடித்த ஜெர்மன் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டேன். அட்டையில் ஒரு பாலகன் படம். நத்தார் காலம், வேதப் புத்தகம்தான் என்று முடிவு கட்டினேன். கொலோன் வரைக்கும் எண்ணி எண்ணிப் பக்கம் புரட்டினேன். டிக்கெட் பார்க்க வந்தவர் புத்தகத்தைப் பார்த்தார், பவானியின் வயிற்றைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கொலோனில் இறங்கியதும் அண்ணை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, இது பிள்ளை பெறப்போற பொம்பிளையளுக்கான புத்தகம்.”

“அதுதானே பார்த்தன். படங்களில ஒரு சாமியாரையும் காணேல்லை.”

பவானி ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரீச்சர் அம்மாவின் வீடு இரண்டாம் மாடியில். அண்ணை கதவுக்கு முன்னால் நின்று வளையத்திலிருந்து ஒரு திறப்பைக் கழற்றினார். கழற்ற ஐந்து நிமிடம் எடுத்தது. அவர் அப்படிக் கழற்றியதை நான் முன்பு கண்டதில்லை.

“சோபாவில இருக்கலாம், படுக்கக்கூடாது. குளிக்கலாம், தண்ணி நிலத்தில சிந்தக்கூடாது. சமைக்கலாம், ஆனா ஒண்டையும் பொங்கவிடாதையுங்கோ. இது கறன்ற் அடுப்பு, சொன்னாக் கேக்காது.”

“ஓம் அண்ணை.”

திறப்பைத் தந்தவர் கையை எடுக்கவில்லை. “தை மாதம் எனக்கு டெர்மின். ரீச்சர் அம்மா என்னோட வந்து, இந்த மனுசனுக்கு நான் பொறுப்பெண்டு கையெழுத்து வைக்கிறன் எண்டவ. ஒரு ஜெர்மன் ஆள் அப்பிடி வைச்சா ஊரில இருக்கிற மனுசிக்கு விசா வரும் எண்டு சொல்லினம். அங்க ஷெல் அடி. கடிதம் வாறதுக்கே ஒண்டரை மாதம் எடுக்குது. மூண்டு வருசமாச்சு தம்பி.”

“நீங்கள் யோசியாதையுங்கோ அண்ணை. வீடு இருந்தபடி இருக்கும்” என்றேன் நான்.

உள்ளே போய் முதல் வேலையாகப் பவானி கதவைப் பூட்டினாள். பிறகு திறந்தாள். பிறகு மறுபடியும் பூட்டினாள். அன்றைக்கு ஒரு பதினைந்து தரம் பூட்டியிருப்பாள்.

அடுத்த நாள் மத்தியானம் சோறு தின்றுவிட்டு இருவரும் சோபாவில் இருந்தோம். இருந்தது மட்டும்தான் ஞாபகம். கண் திறந்தபோது பின்னேரம். பவானியின் தலை என் வண்டியில், வயிற்றை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். யன்னலோரம் இருந்த செடிச் சட்டிகளில் மண் ஈரமாக இருந்தது. ஹீட்டர் ஒரு இலக்கம் கூட்டி விடப்பட்டிருந்தது. அண்ணையிடம் அந்த வீட்டுக்கு இன்னொரு திறப்பு இருந்ததும், கழற்றின இடத்தில் அதைக் கோத்துக்கொண்டதும் எங்களுக்குத் தெரியும்.

“பார்த்திட்டார்” என்றாள் பவானி.

“பார்த்தா இடுப்புச் சத்தம் கேட்டிருக்குமே.”

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. பொழுதுபட வந்த அண்ணை செடிகளைப்பற்றித்தான் கதைத்தார். நாங்களும் கேட்கவில்லை.

இனித்தான் என் பங்கு வருகிறது. இருபத்திநாலாம் திகதி காலை, எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். வந்த ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் கஷ்டப்பட்டிருக்கிறார்.

“பவானி, கலியாணம் முடிச்சு நாங்கள் ஒரு வீட்டுக்குள்ளயும் முறையாப் போகேல்லை. இண்டைக்குப் பால் காய்ச்சுவம்.”

“இது எங்கட வீடில்லை.”

“பன்ரண்டு நாளைக்கு எங்கட வீடுதான்.”

“அண்ணை பொங்கவிட வேண்டாம் எண்டவர்.”

“பொங்காட்டி அதுக்குப் பேர் தேத்தண்ணிக்குப் பால் சுடவைக்கிறது. ஒரு சொட்டு வழிஞ்சாப் போதும். துடைச்சுவிடுவம்.”

அவளும் ஆசைப்பட்டாள். ஒரே ஒரு நல்ல சீலையை எடுத்து உடுத்தாள். நான் சாரம் கட்டித் திருநீறு பூசினேன். ரீச்சர் அம்மாவின் வெள்ளைச் சட்டியில் ஒரு லீற்றர் பெட்டிப் பாலை ஊற்றி, அடுப்பை ஆகக் கூடின இலக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் கை கூப்பிக்கொண்டு நின்றோம்.

ஊரில் விறகடுப்பு. பொங்கினதும் கொள்ளியை இழுத்தால் அடங்கும். இந்த அடுப்பு இரும்புத் தட்டு. திருகைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாலும் அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? அண்ணை சொன்னவர்தான். ஆனால் நான் கேட்டேனா? பொங்குகிற பாலைப் பாதியில் தூக்கினால் குடும்பத்துக்குக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டேன். பவானி சட்டியைத் தூக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு லீற்றர் பாலும் பொங்கி முடியும் மட்டும் நாங்கள் பக்தியோடு நின்றோம்.

முதலில் புகை. பிறகு நாற்றம். பிறகு அடுப்புக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், வீடு முழுக்கக் கறன்ற் போய்விட்டது. வெள்ளைச் சுவர் மண்ணிறமானது. பவானி இருமிக்கொண்டு யன்னலைத் திறந்தாள். அதுதான் பிழை. புகை தெருவுக்குப் போனது. கீழ் வீட்டு மனிதர் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். பத்து நிமிடத்தில் ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. பின்னால் பொலிஸ் கார். ஒரு லீற்றர் பாலுக்கு எட்டுப் பேர்.

அவர்களுக்கு முன்னால் ஒரு சத்தம் படியேறி வந்தது. பதினொரு திறப்பின் சத்தம். இரண்டு தெரு தள்ளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அண்ணை, வண்டி திரும்பிய திசையைப் பார்த்துவிட்டே ஓடி வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் அடுப்பைப் பார்த்தார். என் திருநீற்றைப் பார்த்தார். எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

“உங்களிட்டக் கடிதம் இல்லை. பல்கனிக்குப் போங்கோ. மூச்சுக் காட்டாதையுங்கோ” என்று இருவரையும் பின்பக்கத்துப் பல்கனிக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சீலையோடு அவள், சாரத்தோடு நான், இருவர் காலிலும் செருப்பில்லை. ஒட்டியிருந்த பக்கத்து வீட்டுப் பல்கனியில், நத்தாருக்கு வாங்கி வைத்த மரம் ஒன்று வலையால் கட்டியபடி நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வீட்டு அம்மா மரத்தை உள்ளே எடுக்க வந்தா. அவ எங்களைப் பார்த்தா. நாங்கள் அவவைப் பார்த்தோம். ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

“ஃப்ரோஹ வைநாக்டன்” என்றேன். நத்தார் வாழ்த்துகள் என்று அர்த்தம்.

அவவும் “ஃப்ரோஹ வைநாக்டன்” என்று சொல்லிவிட்டு மரத்தைத் தூக்கிக்கொண்டு போனா. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கம்பிக்கு மேலால் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டையும் ஒரு கம்பளியையும் நீட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டா.

கண்ணாடியால் பார்த்தேன். அண்ணை பொலிஸ்காரருக்கு முன்னால் நின்று தன் நெஞ்சில் விரலை வைத்துக் குத்திக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தார். நான். நான் மட்டும். வேறு ஆள் இல்லை. பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். குளிரில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்றைக்கும் அந்த நத்தார் பிஸ்கட்டைக் கடையில் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவேன்.

எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தோம். அண்ணை அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பவானி அழுதாள். நான் அவர் ஏசுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எந்தப் பக்கம் பொங்கினது?” என்று கேட்டார்.

“என்ன அண்ணை?”

“பால். எந்தப் பக்கம் வழிஞ்சது முதல்?”

“இந்தப் பக்கம்… சுவர்ப் பக்கம்.”

யன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். சூரியனைக் கண்டு பத்து நாள். “கோயில் அங்க தெரியுது. கோபுரம் மேற்கால, முதுகு கிழக்கால எண்டு ரீச்சர் அம்மா சொன்னவ.” விரலால் காற்றில் ஒரு கோடு கீறிப் பார்த்துவிட்டுப் பவானியிடம் திரும்பினார். “சுவர்ப் பக்கம் கிழக்குத்தான் பிள்ளை. நல்லது. அழாதையுங்கோ.”

பியூஸ் மாற்றினோம். மூன்று நாள் அந்த அடுப்பைத் தேய்த்தோம். தட்டில் ஒரு கறுத்த வளையம் போகவே இல்லை. சுவருக்கு அண்ணை எங்கிருந்தோ வெள்ளை பெயின்ற் கொண்டுவந்து அடித்தார். பழைய வெள்ளைக்கு நடுவில் புது வெள்ளை பளிச்சென்று தனியாகத் தெரிந்தது.

ரீச்சர் அம்மா ஜனவரி மூன்றாம் திகதி வருவதாக இருந்தது.

“நான் நிண்டு சொல்லுறன் அண்ணை. நான்தான் செய்தனான் எண்டு சொல்லுறன்” என்றேன்.

“பார்ப்பம்” என்றார் அவர். அவருக்கு என்னைத் தெரியும்.

இரண்டாம் திகதி காலை நான் பெட்டியைக் கட்டினேன். ரீச்சர் அம்மா பொலிசுக்கு எடுத்தால், எங்களிடம் கடிதம் இல்லாதது தெரிந்தால், பைலில் சிவப்பு மை பட்டால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு ஒரு நல்ல காரணமும் கிடைத்தது. மூன்றாம் திகதி கந்தோரில் எனக்கு டெர்மின். கொலோனுக்குப் போக அனுமதி கேட்கிற டெர்மினுக்காக நான் கொலோனை விட்டு ஓடினேன். அண்ணை ஸ்டேஷனுக்கு வந்து, பவானியின் கையில் ஒரு பை தோடம்பழம் கொடுத்தார்.  அவர் திரும்பி நடந்தபோது அந்த இடுப்புச் சத்தம் படி இறங்கித் தெரு வரைக்கும் கேட்டது.

ரயில் வெளிக்கிட்ட பிறகு பவானி சொன்னாள். “நீங்கள் நிண்டு சொல்லுவியள் எண்டுதான் நான் நினைச்சன்.”

அடுத்த நாள் கந்தோரில், ஏன் கொலோனுக்குப் போகவேண்டும் என்று அதிகாரி கேட்டார். இனித் தேவையில்லை என்றேன். அவர் நிம்மதியாகப் பைலை மூடினார்.

நடந்தது மாசியில்தான் எங்களுக்குத் தெரியவந்தது, கொலோனிலிருந்து வந்த ஒரு பெடியன் சொல்லி. ரீச்சர் அம்மா திறப்பைத் திருப்பி வாங்கிவிட்டா. கையெழுத்து வைக்க அவரோடு போகவில்லை. அடுப்புக் கதை தெருவுக்குத் தெருப் போய், மற்ற வீட்டுக்காரரும் ஒவ்வொருவராகத் திறப்பைக் கேட்டார்கள். “இப்ப அண்ணை வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது” என்றான் அந்தப் பெடியன். அவன் பகிடியாகத்தான் சொன்னான். அந்த அறையில் நான்தான் பகிடிக்காரன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரீச்சர் அம்மாவுக்குக் கடிதம் போடவேண்டும் என்று ஒரு அட்டை வாங்கினேன். முன்பக்கம் கோயில் கோபுரம். பின்பக்கம் வெறுமை. எனக்கு ஜெர்மன் எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவனிடம் போனால் கதை முழுக்கச் சொல்லவேண்டும். ஊரிலுள்ள மாடு, நாய், வாத்தியார் எல்லாரையும் பகிடி பண்ணுகிற எனக்கு, இதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடம் அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். மனுசி அங்கே போய்ச் சேர்ந்தாவா என்று கேட்டதற்கு, ஒருவர் ஓம் என்றார், ஒருவர் இல்லை என்றார். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எண்பத்தொன்பதில் எங்கள் கேஸ் சரிவந்தது. டோர்ட்மண்டில் ஒரு உணவகத்தில் சட்டி கழுவும் வேலையும், இரண்டு அறை வீடும் கிடைத்தன. உள்ளே இருந்து பூட்டக்கூடிய கதவு. நான் ஒரு லீற்றர் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். பவானி அதைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“அந்த அம்மாட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு இஞ்ச பால் காய்ச்சுவம்.”

போனேன். ரீச்சர் அம்மா கதவைத் திறந்தா. சட்டி கழுவிப் பழகிய என் ஜெர்மனில் சொன்னேன். “நான் பால். அவர் பால் இல்லை. மூன்று வருடம் முன்பு. நான்.”

அவ உள்ளே கூப்பிட்டு இருத்தினா. அதே சோபா.

“தெரியும்” என்றா, மெதுவாக. “குளியலறைச் சீப்பில் ஒரு முழ நீளக் கறுத்த முடி இருந்தது. அவருக்குத் தலையில் ஒரு முடியும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவும் சொன்னா, நத்தார் அன்றைக்கு மரியாவையும் யோசேப்பையும் பல்கனியில் கண்டேன் என்று. அவர் என் அடுப்பைத் தொட்டதே இல்லை, எனக்குத் தெரியாதா? மூன்று தரம் கேட்டேன். நீங்கள் வரவே இல்லை, தான்தான் செய்தது என்று மூன்று தரமும் சொன்னார். அடுப்பு ஒரு விஷயமே இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுகிறவருக்கு எப்படிப் பொறுப்பு நிற்பது என்று எனக்குக் கோபம். யாராவது ஒருவர் வந்து உண்மையைச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கோபம் ஆறித் தேடியபோது அவர் போய்விட்டார்.”

 வரவேண்டிய ஆள் நான். வந்திருக்கிறேன். மூன்று வருடம் பிந்தி.

அவ அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தா. அண்ணையின் கொப்பி. அந்த வீட்டுக்குரியது. திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாராம், வீட்டுச் சாமான் வீட்டோடு இருக்கட்டும் என்று. பக்கம் பக்கமாகக் குஷன், செடி, மூக்குக்கண்ணாடி. கடைசிப் பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தா.

“இதில் எழுதியிருப்பது என்ன? எனக்கு இத்தனை நாளாக விளங்கவில்லை.”

சோபாவைக் கீறியிருந்தார். அதில் இரண்டு பேர் நித்திரை. ஒருவனுக்கு வண்டி பெரிது, ஒருத்திக்குப் பின்னல் நீளம். சோபாவுக்குக் கீழே நிலத்தில் ஒரு சின்ன வளையமும் பதினொரு திறப்பும். சத்தம் கேட்டுவிடும் என்று கழற்றி வைத்திருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல்.

அதை வாசிக்க ஐந்தாம் வகுப்பு போதும்.

“எழுப்பக்கூடாது” என்று வாசித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவவுக்கு விளங்கப்படுத்தினேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஜெர்மன் வராததால் இல்லை.

கொப்பியை அவ எனக்கே தந்துவிட்டா. வீட்டுக்கு வந்து பவானியிடம் கொடுத்தேன். குசினி வாசலில் நின்று கன நேரம் பார்த்தாள். “உங்கட வண்டியைச் சரியாத்தான் கீறியிருக்கிறார்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துவிட்டு, குளிர்ப்பெட்டியைத் திறந்து பாலை எடுத்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சோபாவில் பகலில் யார் நித்திரையானாலும் நாங்கள் எழுப்புவதில்லை. திறப்பு மேசையில் இருந்தால் அதைக் கூட மெதுவாகத்தான் எடுப்போம்.